போரைப் படிக்க விரும்பும் மகள்: கம்மவான்பேட்டைத் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மகளும் வந்து பேசிவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "சண்டை நடந்த இடத்தில் இருந்தவனுக்கே பென்ஷன்தான் மிச்சம். அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவளுக்கு என்ன சார் கிடைக்கும்?" ராணுவத்துக்குச் சரக்கு கொண்டு சேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் 24 ஆண்டுகள் லாரி ஓட்டி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், தெருவுக்குத் தெரு படைவீரர் குடும்பங்கள் இருக்கும் ஊரிலிருந்து வந்து கேட்ட கேள்வி அது. நின்ற இடத்தில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நீங்கள் நர்சிங் என்கிறீர்கள். வேலூரில் அது இயல்பான ஆசை. அவளோ நவீனப் போர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதும் அறிஞராக வேண்டும் என்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா என்பது உங்கள் முதல் ஐயம். உண்டு. ஆனால் அது தனியாக நிற்கும் வேலையன்று; ஆசிரியப் பணியையோ, ஆய்வு நிறுவனப் பணியையோ, பத்திரிகைப் பணியையோ பற்றிக்கொண்டு அதன் மேல் படரும் கொடி. இதை மறைத்து அவளுக்கு நம்பிக்கை மட்டும் ஊட்டுவது தவறு. இதைச் சொல்லியே அவளைத் தடுப்பதும் தவறு என்று கருதுகிறேன்.

போருக்குப் போகாதவள் போரைப் பற்றி என்ன எழுத முடியும் என்றும் கேட்டீர்கள். கார்கில் போர் முடிந்தவுடன், எங்கே தவறு நடந்தது என்று ஆராய 1999இல் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்ற கே. சுப்ரமணியம், 1929இல் திருச்சியில் பிறந்த தமிழர். வேதியியல் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர், சீருடை அணிந்தவரல்லர். டெல்லியில் 1965இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை நீண்ட காலம் வழிநடத்தி, நம் நாட்டில் பாதுகாப்புச் சிந்தனை என்பதையே ஒரு படிப்பாக நிலைநிறுத்தியவர். இங்கிலாந்தின் ஜான் கீகன் சிறுவயதில் எலும்புக் காசநோயால் கால் ஊனமாகி, படையில் சேரவே முடியாமல் போனவர். அவர்தான் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் வருங்கால அதிகாரிகளுக்கு 26 ஆண்டுகள் போர் வரலாறு கற்பித்தார். பெண்ணுக்கு இது ஒத்து வருமா என்று உங்கள் துணைவியார் கவலைப்படுவதாகச் சொன்னீர்கள். 1990களில் பாஸ்னியாவில் நடந்தது போன்ற போர்கள் பழைய போர்களிலிருந்து எப்படி மாறுபட்டவை, கொள்ளையும் கடத்தலுமே அவற்றுக்கு எப்படிப் பணம் கொடுத்தன என்று விளக்கி இந்தத் துறையின் பேச்சையே திருப்பியவர் மேரி கால்டோர் என்னும் பெண்மணி. படையில் இருந்துவிட்டு வந்தவர்களும் உண்டு: சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ஸ்ரீநாத் ராகவன், ஆறு ஆண்டுகள் தரைப்படை அதிகாரியாக இருந்தபின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வுப் பட்டம் பெற்று, வங்கதேசம் பிறந்த 1971 போரைப் பல நாட்டு ஆவணங்களிலிருந்து மீண்டும் எழுதி, 2015இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார்.

ஆயினும் பெரியவர்களின் பெயர்களைக் கேட்டு மகளின் வாழ்க்கையை முடிவு செய்ய முடியாது. எனக்கு நம்பிக்கை வந்தது வேறோர் இடத்தில்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இதே ஆசையோடு என்னிடம் வந்தான். போர் விமானங்களின் பெயர், வேகம், ஏவுகணையின் தூரம் எல்லாவற்றையும் தங்குதடையின்றி ஒப்பித்தான். அதை ஆர்வம் என்று நம்பி, இந்தப் படிப்புக்கே அனுப்பி வைத்தேன். வாரத்துக்கு நானூறு பக்கம் படிக்க வேண்டும், படித்ததை நான்கு பக்கத்தில் எழுத வேண்டும் என்றதும் முதல் பருவத்திலேயே திரும்பி வந்துவிட்டான். அவன்மீது குற்றமில்லை, ஆயுதத்தின்மீதுள்ள கவர்ச்சியும் ஆய்வுக்கு வேண்டிய பொறுமையும் ஒன்றல்ல என்பதை நான்தான் பார்க்கத் தவறினேன். அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு வீணானது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அதனால்தான் உங்கள் மகளிடம், "நீ இதுவரை எழுதியது ஏதாவது இருந்தால் காட்டு" என்று கேட்டேன். நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து சென்ற நேரத்தில், நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கோடு போட்ட தாளில் ஸ்கேல் வைத்து அட்டவணை வரைந்திருந்தாள். 1999 கோடையில் நீங்கள் ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலையில் கான்வாயில் ஓட்டியதைப் பற்றி உங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய குறிப்புகள் அவை. ஸோஜிலா கணவாய் எந்த மாதம் திறக்கும், ஒரு லாரியில் எத்தனை ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய் ஏறும், திராஸுக்கு அருகில் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் போக முடியும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஓரத்தில் பென்சிலால், "அப்பா முதலில் 8 என்றார், பிறகு 10 என்றார், பெரியப்பாவிடமும் கேட்க வேண்டும்" என்று ஒரு குறிப்பு. ஐயா, அந்தப் பென்சில் குறிப்பைப் பார்த்த பிறகுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யார் வீரமாகச் சண்டையிட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. பொருள் எப்படி மலையேறியது என்று கேட்டிருக்கிறாள். கேட்ட பதிலையும் அப்படியே நம்பாமல் இன்னொருவரிடம் சரிபார்க்க நினைத்திருக்கிறாள். ஆய்வாளருக்கு வேண்டிய குணம் இதுதான். இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது மிகக் கடினம்.

நவீனப் போரை ஆராய்வோர் இன்று பேசுவதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்த விஷயமே. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது, கீவ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளத்துக்கு வாகனங்கள் நாள்கணக்கில் நகர முடியாமல் நின்றன. எரிபொருளும் உணவும் உரிய நேரத்தில் வந்து சேராதது அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. எத்தனையோ பேராசிரியர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். குளிர்காலத்தில் ஒரு லாரி வரிசை நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்பதை உங்களைப் போல் உடம்பால் அறிந்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. உங்கள் மகள் அந்த அறிவைக் கேட்டு வளர்ந்தவள். கார்கிலில் எதிரிகள் ஏறி அமர்ந்த மலைமுகடுகள் உங்கள் சாலையைப் பார்த்தபடிதானே இருந்தன? அந்தப் போரே பெரும்பாலும் அந்தச் சாலைக்காக நடந்தது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையில் இளங்கலை நிலையிலேயே பாதுகாப்பியல் கற்பிக்கும் கல்லூரி உண்டு என்றாலும், முதல் மூன்று ஆண்டுகள் வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றைப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. பரந்த அடித்தளம் இருந்தால், பின்னர் மனம் மாறினாலும் ஆசிரியப் பணிக்கோ, போட்டித் தேர்வுக்கோ, சட்டப் படிப்புக்கோ வழி திறந்திருக்கும். வேலூரிலேயே முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலும் ஊரீசு கல்லூரியிலும் வரலாறு படிக்கலாம். வீட்டிலிருந்தே பேருந்தில் போய் வரலாம், செலவும் கட்டுக்குள் இருக்கும். அதன்பின் முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுத் துறை இருக்கிறது. நீலகிரியில் உள்ள வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரியில் பயில்வோருக்கு முதுகலைப் பட்டம் வழங்குவதும் அதே பல்கலைக்கழகம்தான். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், புனே, அலகாபாத் ஆகிய இடங்களும் பெயர் பெற்றவை. முதுகலையில் 55 விழுக்காடு எடுத்து, யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வு பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் பெற்றுக்கொண்டே ஆய்வு செய்யலாம். பாதுகாப்பியலே அந்தத் தேர்வில் ஒரு தனிப் பாடம்.

ஆக மொத்தம் பத்து ஆண்டுகள். முதல் புத்தகம் வரும்போது அவளுக்கு முப்பது வயதைத் தொட்டிருக்கும். அந்தப் புத்தகத்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துவிடுவோம். விலை 600 ரூபாய், எழுத்தாளருக்குப் பத்து விழுக்காடு, இரண்டாயிரம் படிகள் விற்றன என்று வைத்துக்கொண்டால் 1,20,000 ரூபாய் வரும். ஐந்து ஆண்டு உழைப்புக்கு அதைப் பங்கிட்டால் மாதம் 2,000 ரூபாய். எனவே புத்தகத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சம்பளம் கல்லூரியிலிருந்தோ ஆய்வு நிறுவனத்திலிருந்தோ நாளிதழிலிருந்தோ வர வேண்டும். ராணுவக் கல்விப் பிரிவில் அதிகாரியாகச் சேரும் வாய்ப்பு முதுகலை முடித்த பெண்களுக்கு உண்டு; அவள் விரும்பினால் அதுவும் ஒரு வழி. நெட் தேர்வை 27 வயதுக்குள் முடிக்க முடியாவிட்டால் எந்த வேலைக்குத் திரும்புவது என்பதை இப்போதே அவளோடு பேசி முடிவு செய்துவைப்போம். அப்படியொரு மாற்று ஏற்பாடு இல்லாமல் இந்தப் பாதைக்கு என்னால் சம்மதம் சொல்ல முடியாது.

உதவித்தொகையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகை தொழிற்படிப்புகளுக்கு மட்டுமே, பி.ஏ.வுக்குக் கிடைக்காது. ஆனால் ஹவில்தார் நிலை வரை பணியாற்றியவர்களின் இரண்டு பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை மத்திய படைவீரர் நல வாரியத்தின் கல்வி மானியம் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு போய்க் கேளுங்கள். அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

கல்லூரி திறக்கும் வரை அவள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வேலூர்க் கோட்டைக்குப் போகட்டும். சுற்றிப் பார்க்க அல்ல, கணக்குப் போட. 1806 ஜூலை 10 விடியும் முன் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். செய்தி ஆற்காட்டுக்கு எட்டி, பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்று காலையிலேயே வந்து சேர்ந்து, பகல் பொழுதுக்குள் எழுச்சியை அடக்கிவிட்டது. ஆற்காடு ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குப் பதில் நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை ஐந்து பக்கத்தில் அவள் எழுதிப் பார்க்கட்டும். நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை அடக்கியவர்கள் எழுதிவைத்தவை என்பதையும் நினைவில் வைத்தே எழுதட்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்காலத்து ராணுவத் துறைப் பதிவுகள் இருக்கின்றன. காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் இரவுக்குள் திரும்பலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலும் அவளுக்குரிய பொருள்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகச் சென்றது மதராஸ் மாகாணத்தில் பதப்படுத்திய தோல். நம் பகுதியைப் பற்றி அந்தக் கோணத்தில் எழுத எவ்வளவோ மிச்சம் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவள் என்பதால் ஆங்கிலத்தைப் பற்றி அவளே தயங்கினாள். தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, வாரம் ஒருமுறை என்னிடம் கொண்டு வரட்டும்; மூன்று ஆண்டு நல்ல அவகாசம். தமிழில் எழுதுவதையும் அவள் விட்டுவிடக் கூடாது. பாதுகாப்பு விவகாரங்களைப் பதற்றமோ ஆரவாரமோ இன்றித் தமிழில் விளக்கி எழுதுபவர்கள் நமக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

இன்னொன்றை உங்களால்தான் சொல்லிக்கொடுக்க முடியும். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. படையினரின் பிள்ளைகளுக்குக் காதில் விழும் எல்லாமே எழுதத் தக்கவை அல்ல. வெளியான அறிக்கைகள், நூல்கள், காப்பகம் திறந்துவிட்ட கோப்புகள் ஆகியவற்றுக்குள் நின்று எழுதுவதே முறை. எது சொல்லக் கூடாதது, ஏன் சொல்லக் கூடாதது என்பதை ஒரு நாள் உட்கார்ந்து அவளுக்கு விளக்குங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் வாருங்கள். முடிந்தால் உங்கள் துணைவியாரையும் அழைத்து வாருங்கள். கல்லூரி விண்ணப்பங்களை அன்று ஒன்றாக உட்கார்ந்து நிரப்பலாம். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. உங்கள் லாரி பழுதாகி நின்ற இரவில் ஏற்றி வந்த சரக்கு எந்த வண்டியில், எத்தனை மணிக்கு மேலே போனது என்பது கேள்வி. "அதைக் கேட்டால் மட்டும் அப்பா எழுந்து போய்விடுகிறார்" என்றாள். சொல்லக்கூடியதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவளுக்குச் சொல்லிவிடுங்கள் ஐயா.

அன்புடன்,
உங்கள் மகளின் கல்வி ஆலோசகர்
வேலூர்