ஜோசர் மன்னரின் பிரமிடு ஏன் படிக்கட்டு போல இருக்கிறது?

ஜோசர் எகிப்தின் மூன்றாம் வம்ச அரசர். காலம் சுமார் கி.மு. 2650. ட்யூரின் அரசர் பட்டியல் என்ற பழைய எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு அவருக்கு 19 ஆண்டு ஆட்சியைத் தருகிறது. சினாய் தீபகற்பத்தின் பாறைகளில் அவருடைய பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது, அதாவது செம்பும் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லும் எடுக்க அங்கே ஆட்களை அனுப்பியிருக்கிறார்.

சரி, படிக்கட்டு எப்படி வந்தது? அவருக்கு முன்பு அரசர்களை மண் செங்கல்லால் கட்டிய, மேலே தட்டையான கல்லறைகளில்தான் புதைத்தார்கள். ஜோசருக்கும் சக்காராவில் அப்படி ஒன்றைத்தான் தொடங்கினார்கள், ஆனால் கல்லால். அப்புறம் அதை அகலப்படுத்தி, நான்கு அடுக்காக உயர்த்தி, கடைசியில் ஆறாக்கினார்கள். உயரம் சுமார் 60 மீட்டர். கையில் காசு சேரச் சேர நாம் வீட்டுக்கு மேல் மாடி எடுப்பதில்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். இதை வடிவமைத்தவர் என்று மரபு சொல்வது அவருடைய அமைச்சர் இம்ஹோடெப்பை.

எனக்கு மிகவும் பிடித்தது நுழைவாயில் தூண்கள். நாணல் கட்டுகளைப் போலவே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நாணலும் மண்ணும் பழகிய கைகள் கல்லைக் கற்றுக்கொண்ட தருணம் அப்படியே கண்ணில் தெரிகிறது.

கீசாவின் பெரிய பிரமிடுதான் முதல் பிரமிடு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஜோசருடையதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிந்தியது.