பவளம் வெளுத்தால் விளக்கைக் கூட்டாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரண்டடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஹேமர், ஸோவாந்திட், மஷ்ரூம் வகைப் பவளங்கள் இருக்கின்றன. கடைக்காரர் சொன்ன 165 வாட் எல்இடி விளக்கைப் பொருத்தி இரண்டு வாரத்தில் ஹேமர் சுருங்கி வெளுத்துவிட்டது. வெளிச்சம் போதவில்லை, இன்னொரு விளக்கும் வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வெளிச்சம் குறைந்தால் பவளம் பெரும்பாலும் பழுப்பேறும். வெளுத்தால், வெளிச்சமோ வெப்பமோ மிஞ்சிவிட்டது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு தயாரிக்கிறது. தாங்க முடியாத ஒளி விழுந்தால் பவளம் அந்தப் பாசியை இழந்துவிடும். வெள்ளையாக நீங்கள் பார்ப்பது, நிறமிழந்த சதையின் ஊடே தெரியும் சுண்ணாம்பு எலும்புக்கூடு.

ஹேமரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விளக்கை நோக்கிய மேற்பக்கம் வெளுத்து, நிழலான அடிப்பக்கத்தில் நிறம் மிச்சமிருந்தால் காரணம் விளக்கு. சுற்றிலும் ஒரேபோல் வெளுத்திருந்தால் பிற்பகலில் நீரின் வெப்பத்தைப் பாருங்கள். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி நம் ஊரில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். 25, 26 டிகிரிதான் வேண்டும்.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம், அவ்வளவுதான். அதைக் காட்டி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விழும், பாசிக்குப் பயன்படும் ஒளியைப் பிஏஆர் என்று அளக்கிறார்கள். மஷ்ரூமுக்கு 50 முதல் 100 போதும். ஹேமருக்கு 100ஐ ஒட்டி இருக்கலாம். 250க்கு மேல் கேட்பவை அக்ரோபோரா போன்ற பவளங்கள், அவை உங்களிடம் இல்லை. கைப்பேசிச் செயலியால் அளக்காதீர்கள். நீல ஒளியில் அது தவறாகவே காட்டும். பிஏஆர் மீட்டர் ஒரு நாள் இரவல் கிடைத்தாலே போதும்.

விளக்கின் அடாப்டரில் பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது, நல்லது. ஆனால் எந்த ஆழத்தில் எவ்வளவு பிஏஆர் கிடைக்கும் என்று பெட்டியில் ஒரு வரி அச்சிடச் சொல்ல ஆளில்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் எத்தனையோ வீடுகளில் பவளங்கள் வீணாகச் சாகின்றன.

இன்றே நீல ஒளியை 30 சதவீதத்துக்கும் வெள்ளையை 10 சதவீதத்துக்கும் இறக்குங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். குறைக்கும் வசதி இல்லையென்றால் விளக்கை உயர்த்திக் கட்டுங்கள், அல்லது தொட்டியின் மேல் கொசுவலையை இரண்டாக மடித்து விரியுங்கள். நிறம் திரும்பத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டலாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். “குறைந்த வெளிச்சமே போதும்” என்று ஆரஞ்சு நிறச் சன் கோரலை உங்களுக்கு விற்கப் பார்ப்பார்கள். வெளிச்சம் வேண்டாம் என்பது உண்மை, அதன் சதையில் அந்தப் பாசியே கிடையாது. அதனாலேயே முழு உணவையும் நீங்கள்தான் ஊட்ட வேண்டும். அது வாய் விரிக்கும் இரவு நேரத்தில், உறைந்த மைசிஸ் இறாலைக் குழாயால் ஒவ்வொரு வாய்க்கும் கொடுக்க வேண்டும். ஒரு வாயை விட்டுவிட்டால் அது பட்டினி கிடக்கும். மிஞ்சிய உணவு நீரைக் கெடுக்கும், அதனால் நீர் மாற்றும் வேலையும் கூடும். இதைச் சொல்லாமல் விற்கும் கடையில் விளக்கும் வாங்காதீர்கள்.