துவக்குக்குப் பார்ட்ஸ் மாத்தியாச்சு, இனி அடிக்கலாமோ?

கேள்வி: ஐயா, எங்கட வயல் நெடுங்கேணிப் பக்கம். பண்டிக்காவல் லைசென்ஸில ஒரு பழைய 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு இருக்கு. பரல் ஆடுது எண்டு திருத்தக் குடுத்தன், தோட்டா போட முறிச்சுத் திறக்கிற இடத்து ஆணியும் பயரிங் பின்னும் புதுசு போட்டிட்டு "ஓகே, கொண்டுபோய் அடியுங்கோ" எண்டாங்கள். கனடாவில இருக்கிற மச்சான் தன்ர பழைய லீ என்ஃபீல்டு ரைபிளுக்கு போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால அடைக்கிற இரும்பு) மாத்தேக்க கேஜ், அதாவது அளவுக்கட்டை, போட்டுத்தான் பாத்தவராம், எனக்கும் ஒண்டு வாங்கி அனுப்பவோ எண்டு கேக்கிறார். தேவையோ? வேலை சரியோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

பதில்: மச்சானிட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ தம்பி. அவரின்ர கேஜ் அந்த ரைபிளின்ர .303 தோட்டாவுக்கு அளவா வெட்டினது, உங்கட 12 போருக்குள்ள போட்டால் உள்ளுக்க கிடந்து ஆடும், அவ்வளவுதான். ஆனா அவர் செய்த வேலை சரியான வேலை. தோட்டா உள்ளுக்க போய் எங்கயோ ஒரு இடத்தில தட்டி நிக்கும், அந்த இடத்துக்கும் பின்னால அடைக்கிற போல்ட் முகத்துக்கும் இடையில இருக்கிற தூரத்தைத்தான் ஹெட்ஸ்பேஸ் எண்டு சொல்லுறது. அது கூடினால் வெடிக்கேக்க கோது பின்னுக்கு இழுபடும், கடைசியில அடிப்பக்கம் பிரிஞ்சு காஸ் உங்கட முகத்துக்குத்தான் வரும். .303 தோட்டா அடி விளிம்பில நிக்கிற சாதி, அதுக்கு கோ கேஜ் 0.064 அங்குலம், அதில போல்ட் மூடோணும், பட்டாளக் கணக்கில 0.074 கேஜில மூடக்கூடாது. ரெண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீற்றர்தான், கண்ணால பாத்துச் சொல்லவே ஏலாது. அதாலதான் நம்பர் 4 லீ என்ஃபீல்டுக்கு போல்ட் தலையை 0, 1, 2, 3 எண்டு நம்பர் போட்டு நாலு நீளத்தில செய்தவங்கள். போல்ட், போல்ட் தலை, பரல், இதுகளில எதை மாத்தினாலும் கேஜ் போடத்தான் வேணும், கட்டையையோ ட்ரிகரையோ மாத்தினால் அதுக்கு ஒண்டுமில்லை.

இனி உங்கட துவக்குக்கு வருவம். பயரிங் பின் மாத்தினதால இடைவெளி மாறாது, பின் நீளம் கூடினால் தோட்டா அடியில நடுவில இருக்கிற கப்பைத் துளைச்சுப் போடும், அதுதான் பயம். முறிக்கிற ஆணிதான் முக்கியம், ஏனெண்டால் பரலைப் பின் சுவரோட (தோட்டாவின்ர அடியைத் தாங்கிற இரும்பு முகம்) இறுக்கி வைச்சிருக்கிறது அதும் பூட்டுந்தான். முதல்ல தோட்டா இல்லையெண்டு ரெண்டு தரம் பாருங்கோ. பிறகு முன் கைக்கட்டையைக் கழட்டிப்போட்டு (இதை ஒருத்தரும் செய்யிறேல்ல, அந்தக் கட்டையின்ர ஸ்பிரிங்தான் ஆட்டத்தை மறைக்கிறது) துவக்கை மூடி, பிடியில பிடிச்சு மெல்ல ஆட்டிப் பாருங்கோ. "டக் டக்" எண்டு சத்தம் வந்தால் வேலை முடியேல்ல. சத்தம் இல்லாட்டி வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில பிடியுங்கோ, பரலின்ர அடிப்பக்கத்துக்கும் பின் சுவருக்கும் இடையில கோடு மாதிரி வெளிச்சம் தெரியக்கூடாது. சிகரெட் பேப்பர் ஒரு துண்டை வைச்சு மூடினால் இழுக்க வரக்கூடாது, வந்தால் திருப்பிக் கொண்டு போங்கோ.

சிலர் ஆணியை மாத்தாமல் தேஞ்ச இடத்தில தகரத் துண்டு வைச்சு இறுக்கிவிடுவாங்கள், கடையில கையில எடுக்கேக்க புதுசு மாதிரிப் பூட்டும், காலபோகத்தில கொஞ்சம் வெடி வைச்சவுடன தகரம் நசுங்கிப் பழையபடி ஆடும். அதால கழட்டின பழைய ஆணியைக் கேட்டு வாங்குங்கோ. தரமாட்டம், எறிஞ்சாச்சு எண்டால் எனக்கெண்டால் சந்தேகந்தான். வெடிச்ச கோதையும் எறியாதேங்கோ: நடுவில இருக்கிற கப் பின்னுக்குத் தள்ளி நிண்டாலோ ஓட்டை விழுந்தாலோ அதோட நிப்பாட்டுங்கோ. மரத்தில கட்டி கயித்தால இழுத்துப் பாக்கிறது செக்கிங் இல்லை, ஒருக்கா தாங்கினது அடுத்த தரமும் தாங்கும் எண்டு அதில தெரியாது.

நீங்கள் கேக்கேல்ல, எண்டாலும் சொல்லுறன். பழைய துவக்குகளில சேம்பர், அதாவது பரலில தோட்டா இருக்கிற அறை, 65 மில்லிமீற்றரா இருக்கலாம், இப்ப அதிகமா வாற தோட்டா 70. தோட்டாப் பெட்டியில போட்டிருக்கிறது வெடிச்சு விரிஞ்ச பிறகு உள்ள நீளம், அதால 70 தோட்டா 65 சேம்பருக்குள்ள சுகமாப் போகும், துவக்கும் மூடும், ஆனா வெடிக்கேக்க விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். பரலுக்கு அடியில என்ன அடிச்சிருக்கெண்டு பாத்திட்டு வாங்குங்கோ.

பரலையே மாத்தச் சொன்னால் உடன ஓம் எண்டாதேங்கோ, லைசென்ஸில இருக்கிற நம்பரும் துவக்கில இருக்கிற நம்பரும் ஒண்டாத்தான் இருக்கோணும், முதல்ல கச்சேரியில கேளுங்கோ.

காசுக் கதை: என்ன பார்ட்ஸ், என்ன வேலை எண்டு எழுதின பில் கேளுங்கோ. கேட்டால் தரத்தான் வேணும், 2003ம் ஆண்டு 9ம் இலக்கப் பாவனையாளர் சட்டத்தில இருக்கு. திருப்பித் திருத்தித் தராட்டி பாவனையாளர் அதிகாரசபைக்கு 3 மாதத்துக்குள்ள எழுத்தில குடுங்கோ, போன் எண்டால் 1977.