ஊட்லயே வெச்சு பாத்துக்கலாமுங்களா?

கேள்வி: எம்பொண்ணுக்கு ஒம்பது வயசுங்க, கேன்சரு, இனி வைத்தியம் இல்லைன்னுட்டாங்க, ஊட்டுக்கே போலாம்மான்னு அழுவுறா. வலி மருந்து மார்ஃபின் குடுத்தா பழக்கமாயிரும்னு மாமியார் பயப்படறாங்க.
- ஒரு தாய், கோபி

பதில்: ஊட்டுக்கே கூட்டிட்டு வந்துருங்க அம்மிணி. வலிக்குன்னு டாக்டர் அளவு பாத்து குடுக்கற மார்ஃபின் புள்ளைய அடிமையாக்காதுங்க, வலி வரட்டும்னு காத்திருக்காம அவர் சொன்ன நேரத்துக்கு, பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு ஒருக்கா, குடுத்துருங்க, மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து கூடவே கேட்டு வாங்கிக்கங்க. சோத்தைத் திணிக்க வேண்டாம், வாய் காஞ்சா பஞ்சுல தண்ணி தொட்டு உதட்டை நனைங்க. "நான் செத்துருவனாம்மா"ன்னு கேட்டா தயவுசெஞ்சு பேச்சை மாத்தாதீங்க, என்ன சாமி பயமா இருக்குதான்னு கேளுங்க, அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரிஞ்சிருக்கும். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல, நோய்த்தணிப்பு நர்ஸ், அதாவது வலி வேதனையைக் கொறைச்சுப் பாத்துக்கற நர்ஸ், ஊட்டுக்கே வருவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல நாளைக்கே பேர் குடுத்துருங்க.