கவுன்சலிங்கில் சொன்னதைக் கணவர் கோர்ட்டில் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மகன் பிறந்த சில மாதங்களில் கடுமையான மனச்சோர்வு வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார்; அங்கேயே உளவியல் ஆலோசகரிடம் கவுன்சலிங்கும் எடுத்துக்கொண்டேன். இப்போது மாத்திரை இல்லை, கவுன்சலிங் மட்டும் தொடர்கிறது. மகனுக்கு நான்கு வயது. ஓராண்டாக அவனுடன் தாய்வீட்டில் இருக்கிறேன். கணவர் விவாகரத்தும் மகனின் பொறுப்பும் கேட்டுக் குடும்பநல நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். அதனுடன் என் கவுன்சலிங் குறிப்புகளின் ஜெராக்ஸை இணைத்திருக்கிறார். "பில் கட்டியவர் அவர்தானே, அதனால் கொடுத்தோம்" என்கிறார்கள் மருத்துவமனையில். குழந்தை விடாமல் அழும்போது எங்காவது போய்விடலாம் போலிருந்தது என்று நான் அழுதுகொண்டே சொன்னதுகூட அதில் இருக்கிறது. சில பக்கங்களை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். இது சட்டப்படி சரியா? நீதிபதி இதைப் படிப்பாரா? மகனை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா? கவுன்சலிங்கை நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கவுன்சலிங்கை நிறுத்தாதீர்கள். உங்கள் உடல்நலத்துக்காகச் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். வழக்குக்காகவும் அதையே சொல்வேன். தன் நிலையை உணர்ந்து, தானாகச் சிகிச்சைக்குப் போய், இன்றுவரை விடாமல் தொடரும் தாய் என்பது நீதிமன்றத்தில் உங்களுக்குப் பலம். பயந்து பாதியில் நிறுத்தினால், "சிகிச்சையைக் கைவிட்டவர்" என்று எதிர்த்தரப்பு எழுதுவதற்கு நாமே ஒரு வரி கொடுத்ததாகும்.

மருத்துவமனை செய்தது தவறு. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆவது பிரிவு, ஒருவரின் மனநலம், அதற்கான சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமை என்கிறது. சிகிச்சையின்போது தெரிந்துகொண்டதை வெளியே சொல்லாமல் இருப்பது சிகிச்சை தரும் ஒவ்வொருவரின் கடமை. விதிவிலக்குகளை அந்தப் பிரிவே வரையறுக்கிறது: நோயாளியின் நியமனப் பிரதிநிதி (சிகிச்சையில் தனக்குத் துணை நிற்க நோயாளி எழுத்தில் நியமிப்பவர்) தன் கடமையைச் செய்வதற்காக, சிகிச்சையில் ஈடுபடும் மற்ற மருத்துவர்களுக்காக, பிறருக்கு நேரக்கூடிய தீங்கையோ உயிராபத்தையோ தடுப்பதற்காக, பொதுப் பாதுகாப்புக்காக, நீதிமன்றம் போன்ற அதிகாரமுள்ள அமைப்பின் ஆணைக்காக. 'கணவர்' என்றொரு விதிவிலக்கு அதில் இல்லை. 'பில் கட்டியவர்' என்பதும் இல்லை. கட்டணம் கட்டியவருக்கு ரசீது கொடுக்கலாம், நோயாளி மனம் திறந்து பேசியதைக் கொடுக்க முடியாது.

மருத்துவமனை வக்கீல் இரண்டு வாதங்களை எடுத்து வைப்பார். முதலாவது, பிரதிநிதி என்று யாரையும் நீங்கள் எழுதிக் கொடுக்காததால் உறவினரான கணவரே பிரதிநிதி ஆகிவிடுகிறார் என்பது. 14-ஆவது பிரிவில் அதற்கு இடம் இருப்பது உண்மைதான். ஆனால் பிரதிநிதிக்குத் தகவல் தருவது சிகிச்சையில் உங்களுக்குத் துணை நிற்பதற்காக மட்டுமே. உங்களுக்கு எதிராக வழக்குப் போடுவது எந்தப் பிரதிநிதியின் கடமையும் அல்ல. இரண்டாவது, அந்தச் சட்டம் தீவிர மனநோய்க்கானது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான கவுன்சலிங் அதில் அடங்காது என்பது. சட்டத்தில் உள்ள 'மனநோய்' வரையறை கொஞ்சம் கனமானது என்பதால் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அப்படிச் சொல்வார்களானால் உங்கள் வக்கீல் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவமனையே மனநோய் இல்லை என்று சொன்ன பிறகு, மனநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் உங்கள் கணவரின் மனு எதன்மேல் நிற்கும்?

அந்தச் சட்டம் பொருந்தாது என்றே வைத்துக்கொண்டாலும் மருத்துவர் தப்ப முடியாது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், தொழில்முறையில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவதைத் தவறான நடத்தை என்கின்றன. நீதிபதியின் ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ உள்ள தெளிவான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் ஆகியவைதான் அங்கே விலக்கு. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் அறிவித்ததும் இதற்கு வலுச் சேர்க்கிறது.

"எங்காவது போய்விடலாம் போலிருந்தது" என்ற அந்த வரி உங்களை மிகவும் உறுத்துகிறது என்று தெரிகிறது. குழந்தைக்கு ஆபத்து என்பதால் கொடுத்தோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். அது களைத்துப்போன ஒரு தாயின் பேச்சு, மிரட்டல் இல்லை. உண்மையிலேயே ஆபத்து இருந்தாலும், அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே தகவல் தரலாம் என்று சட்டம் கட்டுப்படுத்துகிறது. மொத்தக் குறிப்பையும் ஜெராக்ஸ் எடுத்துத் தர அதில் அனுமதி இல்லை. மேலும், ஆபத்து இருப்பதாக நினைத்திருந்தால் நீங்கள் சொன்ன அன்றே செயல்பட்டிருக்க வேண்டும். கணவர் வழக்குத் தயாரிக்கும் வரை காத்திருந்தார்களா?

இனி நீதிமன்றம். இங்கே உங்களுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்பதற்காக எதையும் மிகைப்படுத்த மாட்டேன். முறைகேடாகப் பெற்ற ஆவணம் என்பதாலேயே நீதிபதி அதைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நம்பாதீர்கள். சாட்சியச் சட்டத்தின்படி ஏற்கத்தக்கதா இல்லையா என்று பாராமல், தகராறைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் ஏற்கலாம் என்று குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984-இன் 14-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு நம் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, மருத்துவரிடம் நோயாளி சொல்வதற்குக் கிடையாது. இது பெரிய குறை என்பது என் கருத்து. கவுன்சலரிடம் பேசுவதற்கு வக்கீலிடம் பேசுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அலைபேசி அழைப்பு விவரங்களை ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்கம் உண்டு என்றது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதியில் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சைத் திருமண வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு இந்த இரண்டாவது தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரும். உங்கள் வக்கீல் எடுத்துக்காட்ட வேண்டிய வேறுபாடு இது: அந்த வழக்கில் இருந்தது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசியது. உங்கள் குறிப்புகளில் இருப்பது, கணவர் இல்லாத அறையில், ரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்ட ஒருவரிடம் நீங்கள் சொன்னது. நல்ல வாதம், வைத்தே ஆக வேண்டிய வாதம். வெற்றி நிச்சயம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எனவே அடுத்த வாய்தாவுக்கு முன் எதிருரையுடன் (கணவரின் மனுவுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில்) சில இடைக்கால மனுக்களையும் தயார் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களைச் சான்றாவணமாகக் குறியீடு செய்வதற்கு ஆட்சேபம் தெரிவித்து ஒன்று. நீதிமன்றக் கோப்பிலிருந்து அவற்றை எடுத்து முத்திரையிட்ட உறையில் வைக்கவும், அவற்றுக்கு நகல் யாருக்கும் தராதிருக்கவும் கோரி ஒன்று. மூடிய அறையில் விசாரிக்கக் கோரி இன்னொன்று. இந்தக் கடைசி மனுவில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, இரு தரப்பில் ஒருவர் கேட்டாலே மூடிய அறை விசாரணை கட்டாயம். நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. கேளுங்கள், கிடைக்கும்.

எதிருரையில், உங்களுக்கு மனநோய் இருக்கிறது என்ற குற்றச்சாட்டைத் தெளிவாக மறுத்து எழுத வேண்டும். ஒருவர் மனநோய்க்குச் சான்று காட்டி, மற்றவர் அதை மறுத்தால், நீதிமன்றம் அதை, அந்தச் சட்டத்தின்படி அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு. உங்கள் கணவர் தானாகவே பரிசோதனை கேட்டும் மனு போடலாம். திருமண வழக்கில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முகாந்திரம் வலுவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது. உத்தரவான பிறகு போக மறுத்தால் அது உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பயப்பட மாட்டேன். நீங்கள் தேறியிருக்கிறீர்கள், பள்ளிக்கு ஒழுங்காகப் போய்வருகிறீர்கள். பழைய காகிதத்தைவிட இன்றைய நிலையைச் சொல்லும் நிபுணர் அறிக்கை உங்களுக்கு உதவும்.

விவாகரத்து விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. நீங்கள் சமயத்தைக் குறிப்பிடவில்லை; இந்து திருமணச் சட்டம் பொருந்தும் என்று கொண்டு சொல்கிறேன். மனநலக் கோளாறு இருந்தது என்று காட்டுவது மட்டும் போதாது. சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கும் தன்மைக்கும் அது இருக்க வேண்டும் என்கிறது 13-ஆவது பிரிவு. 2013-இல் உச்ச நீதிமன்றம், மனைவிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று கூறப்பட்ட வழக்கிலேயே கணவருக்கு விவாகரத்துத் தர மறுத்தது. பிரசவத்துக்குப் பின் வந்து, சிகிச்சையில் தேறிய மனச்சோர்வு அந்த அளவுக்கு எங்கே வரப்போகிறது?

மகனைப் பற்றி. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். அவனுக்கு நான்கு என்பதால் இந்த விதி இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. வழக்கு இழுத்தால் இராது. அதன் பிறகும் குழந்தையின் நலன்தான் முதன்மை அளவுகோல். அதனால் நோயைப் பற்றிய வாதத்திலேயே மூழ்கிவிடாமல், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் படிவம், குழந்தை மருத்துவரின் சீட்டுகள், பள்ளிக் கட்டண ரசீதுகள் என்று அவனை வளர்ப்பவர் யார் என்பதைக் காட்டும் ஒவ்வொன்றையும் சேர்த்து வையுங்கள். கவுன்சலிங் குறிப்பின் ஒரு வரியைவிட இவற்றுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

மருத்துவமனைக்கு இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில். என் கோப்பின் முழு நகல் வேண்டும். என் குறிப்புகள் எந்தத் தேதியில், யாருடைய கையெழுத்தில், யாரிடம் கொடுக்கப்பட்டன. நான் ஒப்புதல் தந்த கடிதம் இருந்தால் அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன 2002 விதிகள். நோயாளி அதிகாரம் கொடுத்த துணையாளரும் கேட்கலாம் என்று அங்கே இருப்பதால், "அவர் துணையாளர்" என்பார்கள். அதிகாரம் கொடுத்த கடிதம் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உங்களுக்கே கடும் மனப்பாதிப்போ பிறருக்குத் தீங்கோ வரும் என்று கருதினால் மட்டும் சில பகுதிகளை மருத்துவர் நிறுத்தி வைக்கலாம். அப்போதும் வாரியத்திடம் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை அவரே தெரிவிக்க வேண்டும்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த கதவுகள் திறந்திருக்கின்றன. மனநல மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம். மருத்துவமனையின் குறைபாடு பற்றி அதன் பொறுப்பாளரிடமும், அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திலும், பிறகு மாநில மனநல ஆணையத்திலும் முறையிடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மீறியதற்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 108-ஆவது பிரிவு. இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பணம் கட்டியவர் கணவர்தானே என்று அங்கே தடை சொன்னால் கவலைப்படாதீர்கள். ஒருவர் கட்டணம் செலுத்த, அவர் சம்மதத்துடன் சேவையைப் பெற்ற பயனாளியும் நுகர்வோர்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். குடும்பநல நீதிமன்ற மனுக்கள் முதலில். மருத்துவமனைக்குக் கடிதம் அதனுடன். மற்றவை கடிதத்துக்கு வரும் பதிலைப் பார்த்து.

வாட்ஸ்அப் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. நீதிமன்றத்தில் ஆவணம் கொடுத்தது தன் வழக்குக்காக என்றாவது அவர் சொல்ல முடியும். சித்தப்பா, அத்தை, மச்சான் எல்லோரும் படிக்கும் குழுவில் போட்டதற்கு உங்களைக் கூனிக் குறுக வைப்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவமானப்படுத்துவதும் ஏளனம் செய்வதும் குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன்படி மனரீதியான வன்முறை. இனி எங்கும் பகிரக் கூடாது, பகிர்ந்ததை நீக்க வேண்டும் என்று பாதுகாப்பு ஆணை கேளுங்கள். அந்த நிவாரணத்தை இப்போது நடக்கும் குடும்பநல வழக்கிலேயே கேட்க 26-ஆவது பிரிவு வழி செய்கிறது. குழுவில் உள்ள உங்களுக்கு வேண்டியவர் ஒருவரிடம் சொல்லி, அனுப்பியவர் எண்ணும் தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். அவருடைய போனில் அந்தச் செய்தி அழியாமல் இருக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழை, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி உங்கள் வக்கீல் தயார் செய்துகொள்வார். குழுவில் நீங்கள் பதில் எழுத வேண்டாம், ஒரு வரிகூட.

வக்கீல் கட்டணம் தடையாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

இன்று மாலையே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில், உங்கள் நியமனப் பிரதிநிதியாக நீங்கள் நம்பும் ஒருவரின் பெயரை எழுதிக் கையெழுத்திடுங்கள். அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், 18 வயது நிறைந்த தோழியாகவும் இருக்கலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவரிடமும் ஒப்புதல் எழுதி வாங்கி, அடுத்த முறை கவுன்சலிங் போகும்போது கோப்பில் சேர்க்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இனி கணவர் அந்த வரவேற்பறைக்குப் போய், உறவினர் என்ற முறையில் நான்தான் பிரதிநிதி என்று சொல்ல முடியாது. அதே மருத்துவமனைக்குப் போக மனம் வரவில்லை என்றால் வேறிடம் மாறிக்கொள்ளுங்கள். அங்கே முதல் நாளே இந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.