பழைய சாக்ஸபோனும் மலைநாட்டு ஈரமும்: கேள்வி பதில்

பழைய சாக்ஸபோன்களைப் பழுதுபார்ப்பது பற்றி இலங்கை மலைநாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எதைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது காற்று எங்கே கசிகிறது என்பதைத்தான். மினுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, தாத்தா வாசித்த ஆல்டோ சாக்ஸபோன் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. உடம்பெல்லாம் கறுத்துவிட்டது, விரலால் அழுத்தும் கீகளின் ஓரத்தில் பச்சை பிடித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா, பிராசோ போடலாமா?

இரண்டும் வேண்டாம் தம்பி. அது பித்தளையா, வெள்ளி முலாமா என்று முதலில் பாருங்கள். 1920களின் அமெரிக்க சாக்ஸபோன்களில் வெள்ளி முலாம் பூசியவை ஏராளம். காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கும், அதனால் ஒலிக்கு ஒரு குறையும் வராது. பிராசோ முலாமைத் தேய்த்துவிடும். அதன் பொடி ராட் (கீ சுழலும் எஃகுக் கம்பி) குழாய்க்குள் இறங்கிக் கீயை இறுக்கிவிடும். புளித்தண்ணீர் பேடின் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) தோலையும் எஃகு ஊசி ஸ்பிரிங்கையும் கெடுக்கும்.

பச்சைக் களிம்பை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. கீகளையெல்லாம் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மென்மையான பிரஷால் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். கழற்றும் முன்பு ஒரு தடித்த அட்டையில் சாக்ஸபோனை வரைந்துகொள்ளுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ, படத்தில் அதே இடத்தில் குத்தி வையுங்கள். பழைய வாத்தியங்களில் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு ஸ்க்ரூ இடம் மாறினால் பொருந்தாது. கட்டாயப்படுத்தித் திருகினால் மரை போய்விடும்.

ஹட்டனிலிருந்து, தேவாலயப் பாடகர் குழுவோடு டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர்: கீழ் ஸ்வரங்கள் வரவே மாட்டேன் என்கின்றன. சீ, பீ, பீ பிளாட் மூன்றும் உறுமுகின்றன, இல்லாவிட்டால் மேல் ஸ்தாயிக்குத் தாவுகின்றன. ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) மாற்றினேன், மவுத்பீஸ் (வாயில் வைக்கும் பகுதி) மாற்றினேன், பலனில்லை.

காசைச் செலவழிக்கும் முன்பு ஒரு இரவு செலவழியுங்கள் ஐயா. அறையை இருட்டாக்கி, மெல்லிய எல்ஈடி விளக்குப் பட்டை ஒன்றைக் குழலுக்குள் இறக்கி, கீகளை ஒவ்வொன்றாக மெதுவாக மூடிப் பாருங்கள். பேட் சரியாக உட்கார்ந்தால் சுற்றிலும் ஒரே நேரத்தில் இருட்டாகும். ஒரு பக்கம் பிறைபோல வெளிச்சம் தெரிந்தால் அங்கேதான் காற்று போகிறது. கடைசி பீ பிளாட் வர வேண்டுமானால் மேலேயுள்ள அத்தனை துளையும் அடைபட வேண்டும். அதனால் கழுத்துக்குப் பக்கத்திலுள்ள சின்னக் கசிவுகூடக் கீழ் ஸ்வரத்தில்தான் முதலில் காட்டும்.

விளக்கில் தெரியாத கசிவு ஒன்றும் உண்டு. வலது கையால் எஃப் கீயை அழுத்திக்கொண்டு, இடது சுண்டுவிரலால் ஜீ ஷார்ப்பைத் தட்டுங்கள். ஜீ ஷார்ப் பேட் துளியும் அசையக் கூடாது. பெரும்பாலான சாக்ஸபோன்களில் கீழ் பீ, பீ பிளாட் கீகளை அழுத்தினால் ஜீ ஷார்ப்பும் சேர்ந்து எழப் பார்க்கும், அதைப் பிடித்து வைப்பது எஃப் கீயிலிருந்து வரும் சின்ன உலோகக் கை. அந்தக் கையின் அடியிலிருக்கும் தக்கைத் துண்டு நாளாக நாளாக நசுங்கிவிடும். பேட் ஒரு மயிரிழை திறந்தாலே கீழ் ஸ்வரம் போச்சு. உங்கள் விவரத்தைப் படித்தால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். மெல்லிய தக்கை ஒட்டினாலே தீர்ந்துவிடலாம்.

பேட் சாய்ந்திருந்தால், அதைப் பிடித்திருக்கும் அரக்கை இளக்க வேண்டும். சுடரைத் தோலில் காட்டாமல், பேட் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தின் முதுகில் விட்டு விட்டுக் காட்டுங்கள். லக்கர் என்ற வார்னிஷ் பூசியதென்றால் இன்னும் தூரத்தில். அரக்கு இளகியதும் பேட் லேசாக நகரும், அந்த நேரத்தில் மட்டப்படுத்தி, கீயை மூடி, ஆறும்வரை விரலை எடுக்காதீர்கள். அவசரப்பட்டு ஸ்பூனால் அமுக்குவதை நான் ஏற்கமாட்டேன், தோலில் விழும் வடு போகாது.

நுவரெலியாவிலிருந்து: கொழும்புக் கச்சேரியில் சுருதி சரியாக இருந்த வாத்தியம் இங்கே வந்தால் இறங்குகிறது. உயரம் காரணமா?

உயரம் இல்லை, குளிர். 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைந்தாலும் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு சுருதி பாருங்கள். அதற்கு முன்பே மவுத்பீஸை உள்ளே தள்ளினால், பாதிக் கச்சேரியில் சுருதி ஏறிவிடும்.

இன்னொன்று. அங்கே பலரும் ராட்டுக்கும் தக்கைக்கும் தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், உங்கள் ஊரில் போத்தலிலேயே உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ராட்டுக்குள்ளும் அதே கதிதான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

பதுளையிலிருந்து ஒரு ஆசிரியை: பள்ளிக்கூட ஆல்டோவில் ஜீ ஷார்ப் காலையில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது.

அது எப்போதும் மூடியே இருக்கும் கீ டீச்சர், எச்சில் ஈரம் அங்கேயே காய்ந்து பசையாகிவிடும். சிகரெட் பேப்பரை லேசாக நனைத்துப் பேடுக்கும் துளைக்கும் இடையில் வைத்து, கீயை மூடி, இழுங்கள். பிறகு காய்ந்த பேப்பரால் ஒருமுறை. பிள்ளைகள் இனிப்பு டீ குடித்துவிட்டு ஊதுவதை நிறுத்தினால் பாதி வேலை மிச்சம்.

ஹப்புத்தளையிலிருந்து: கான் (Conn) என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய டெனர். துளைகளின் விளிம்பு வெளிப்பக்கம் சுருண்டிருக்கிறது. மட்டமில்லை, அரம் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

தயவுசெய்து கொடுக்காதீர்கள்! அந்தச் சுருள் விளிம்பு கான் கம்பெனி வேண்டுமென்றே செய்தது. அரம் போட்டால் சுருளின் மேல்பகுதி போய்க் கூர்விளிம்பு மிஞ்சும், அது பேடை வெட்டும், திரும்பச் சுருட்டவும் முடியாது. தாழ்ந்த இடத்தை உள்ளிருந்து தட்டித் தூக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: ராட் துருப்பிடித்து இறுகிவிட்டது. துளைத்து எடுத்துவிடலாமா?

துளைப்பது கடைசி வழி. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு முனையிலும் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ராட்டைப் பிடித்திருக்கும் தூணை மிதமாகச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். ஸ்க்ரூடிரைவரின் வாய் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும், சிறியதைப் போட்டால் பள்ளம் சிதையும்.

கண்டியிலிருந்து: பழைய ஆங்கிலேய பேண்ட் சாக்ஸபோன் ஒன்று விலைக்கு வருகிறது. பார்க்க அருமை. வாங்கலாமா?

விலை பேசும் முன்பு சுருதி காட்டும் டியூனரைக் கொண்டுபோய் ஊதிப் பாருங்கள். பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகள் 1920களின் இறுதி வரை ஏ ஸ்வரத்துக்கு இன்றைய 440 ஹெர்ட்ஸை விட உயர்ந்த சுருதியில், ஏறக்குறைய 452இல் வாசித்தன. அக்கால அமெரிக்க வாத்தியம் என்றால் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் எல் அல்லது எச் என்ற எழுத்தைத் தேடுங்கள். எல் இருந்தால் இன்றைய சுருதி, எச் என்றால் உயர்சுருதி. மவுத்பீஸை வெளியே இழுத்து உயர்சுருதி வாத்தியத்தைச் சரிசெய்யலாம் என்று விற்பவர் சொல்வார், நம்பாதீர்கள். துளைகளின் இடைவெளியே வேறு. ஒரு ஸ்வரம் சேர்ந்தால் அடுத்தது விலகும். கண்ணாடி அலுமாரியில் வைக்க வாங்கலாம், மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வாங்காதீர்கள்.