ஃபுகுஷிமா சமயத்துல சீனாவுல ஏன் உப்பு வாங்க அடிச்சுக்கிட்டாங்க? உப்பு சாப்பிட்டா கதிர்வீச்சு தாக்காதா?

தாக்காதுன்னு நம்பித்தான் வாங்குனாங்க, ஆனா உப்பால ஒரு பிரயோஜனமும் இல்ல. 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்துக்கு அப்புறம் வந்த சுனாமி, ஃபுகுஷிமா அணு உலையைக் குளிர வைக்கிற பம்புகளுக்கு கரண்ட் குடுக்கிற டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடிச்சிருச்சு, எரிபொருள் சூடேறி உருகி, அதுல உண்டான ஹைட்ரஜன் சேர்ந்து கட்டடமே வெடிச்சுது, அதை டிவியில திரும்பத் திரும்ப போட்டா பக்கத்து நாட்டுக்காரன் பயப்படத்தான் செய்வான்.

உலையில இருந்து வர்ற அயோடின்-131ங்கிற கதிர்வீச்சு அயோடின், கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியில போய் உக்காந்துக்கும். முன்னாடியே நல்ல அயோடினால தைராய்டை நிரப்பிட்டா இதுக்கு இடம் இருக்காது, பொட்டாசியம் அயோடைடு மாத்திரையோட வேலை அவ்வளவுதான். பெரியவங்களுக்கான 130 மில்லிகிராம் மாத்திரையில 100 மில்லிகிராம் அயோடின் இருக்கு, அயோடின் கலந்த உப்பு ஒரு கிலோவுல சுமாரா 30 மில்லிகிராம்தான், அப்போ மூணு கிலோவுக்கு மேல தின்னணும், அதுக்குள்ள உப்பே ஆளைக் கொன்னுரும். உலையில இருந்து வர்ற இன்னொரு கதிர்வீச்சுப் பொருளான சீசியத்துக்கு அந்த மாத்திரையும் உதவாது.

அமெரிக்காவோட மேற்குக் கரையிலயும் மாத்திரைக்கு இதே அடிதடிதான். ஆனா உலையில இருந்து கிளம்புன கதிர்வீச்சுப் பொருள் அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போன காத்துல கலந்து நீர்த்து, கருவியில பிடிபடுற அளவுக்குத்தான் வந்துது, அதுவும் அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாகிரும்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது வேற. செத்தவங்க, காணாமப் போனவங்க 18,000 பேருக்கு மேல, கிட்டத்தட்ட எல்லாரும் சுனாமியிலதான், உலகமோ உலையை மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்காக கூடங்குளம் பக்கத்துல இடிந்தகரை ஜனங்க அந்த வருஷம் போராடினதையும் இந்த உப்புப் பீதியையும் ஒண்ணா சேக்காதீங்க, 2004 சுனாமியைக் கண்ணால பாத்தவங்க கடலோரத்துல உலை பாதுகாப்பான்னு கேட்டது நியாயமான கேள்வி.